தட்டிப் பார்த்து வாங்கிய இஞ்சின்

போன வியாழக்கிழமை காலையில், கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் கம்பெனி ஸ்டோருக்குள் கேட் வாட்ச்மேன் வந்து, திருவள்ளூரிலிருந்து எனக்குப் போன் என்றார். திருவள்ளூரிலிருந்து எனக்குப் போன் செய்கிறவர் ஒருவர்தான். என் அக்கா தெய்வானையின் கணவர் ஏகாம்பரம் மாமா. ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் மருந்துக் கடையிலிருந்து பேசுவார். நலம் விசாரிப்பு எல்லாம் கிடையாது. எடுத்ததுமே, "இன்னா மச்சான், எதுனா கெடச்சுதா?" என்பார். கிடைத்தது பழைய இரும்பாகவோ பித்தளையாகவோ இருக்கவேண்டும். வேறு எது கிடைத்தாலும் அவருக்கு அக்கறை இல்லை.

அதனால் போகும்போதே மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய வால்வைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். கழித்துப் போட்ட சாமான்களிலிருந்து, கேட்டு வாங்கி, அவருக்கென்று எடுத்து வைத்திருந்தது. போன் குழலுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு திருகாணியால் தட்டினால், அது பித்தளையா, வெண்கலமா, கீறல் விட்டதா என்று அந்தப் பக்கத்திலிருந்தே சொல்லிவிடுவார். நான் விளையாட்டாகத் தொடங்கியது. பிறகு அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது.

பேசியவர் மருந்துக் கடைக்காரர். "உங்க மாமா தவறிட்டாருங்க. தூக்கத்துலயே. அக்கா ஒடனே வரச் சொன்னாங்க." சரி என்றேன். போனை வைத்துவிட்டு, எதற்கு வைத்திருக்கிறோம் என்றே தெரியாமல் வால்வைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாட்ச்மேன்தான் என்னை உட்கார வைத்து தண்ணீர் கொடுத்தார்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு 'இஞ்சின்காரர்' என்றால் போதும். தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அக்காவைக் கட்டிக்கொண்டபோது மாமா ரயில்வேயில் ஃபயர்மேன். நீராவி இஞ்சினில் டிரைவருக்குப் பக்கத்தில் நின்று கரி அள்ளிப் போடுகிற வேலை. வேலை முடிந்து வந்தால் கண்ணின் வெள்ளையும் பல்லும் மட்டும்தான் தெரியும். அக்கா வாசலிலேயே நிறுத்திவிடுவாள். எங்கள் அம்மா சீராகக் கொடுத்த பெரிய தாமிர அண்டாவில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்கும். குளித்து முடித்த பிறகுதான் உள்ளே நுழைய அனுமதி. "உங்க மாமாகிட்ட சொல்லுடா, இனிமே வெள்ளை பனியனே வாணாம்னு" என்று அவர் எதிரிலேயே என்னிடம் சொல்வாள். அவர் சிரிப்பார். "டிரைவர் ஆயிட்டா அழுக்கு கம்மி தெய்வான. கொஞ்சம் பொறுத்துக்கோ" என்பார்.

டிரைவர் ஆவதுதான் அவருடைய உயிர் ஆசை. வேறு எதையும் அவர் கேட்டதில்லை. அதற்கான முறையும் வந்தது. முறையோடு கண் பரிசோதனையும் வந்தது. சாயங்கால வெளிச்சத்தில் பார்வை மங்குகிறது, ஓரங்கள் தெரியவில்லை, இனி இஞ்சினில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். டிரைவர் வேலைக்குக் கண்தான் முதல். அவர்கள்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. திருவள்ளூர் ஸ்டேஷனில் விளக்கறை வேலை கொடுத்தார்கள். சிக்னல் விளக்குகளைத் துடைத்து மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கவேண்டும். கண் சரியில்லை என்று இறக்கியவரிடம் வெளிச்சத்தைக் கொடுத்திருக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மாமாவோ வண்டி வரும் நேரத்தில் மட்டும் விளக்கறைக் கதவைச் சாத்திக்கொள்வார் என்று அங்கே வேலை செய்தவர்கள் சொன்னார்கள்.

சென்னையில் வைத்தியம் பார்த்தார்கள். வீட்டிலிருந்த குடம், தவலை, அடுக்கு எல்லாம் ஒவ்வொன்றாகக் கடைக்குப் போயின. கடைசியில் மிஞ்சியது அந்தத் தாமிர அண்டா ஒன்றுதான். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக 'தெய்வானை' என்று பெயர் வெட்டியது. அதையும் அக்கா தூக்கியபோது மாமா குறுக்கே நின்றுகொண்டார். "உங்கம்மா குடுத்ததுல இது ஒண்ணுதான் மிச்சம். இதுல நான் கை வெக்க மாட்டேன், சத்தியம்" என்றார். வைத்தியமும் அத்துடன் நின்றது. பார்வை மெல்ல மெல்லத்தான் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இப்படி இருக்கையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க கும்மிடிப்பூண்டிக்கு வந்தார். நானும் அவரும் ரோட்டோரமாக நடந்துபோனபோது கரீம் பாயின் பழைய இரும்புக் கடை குறுக்கிட்டது. நெல்லூர்ப் பக்கம் போகிற லாரிகளில் கழற்றியவை, பழவேற்காட்டுப் படகுகளில் கழற்றியவை, மூடிப்போன ரைஸ்மில்லில் கழற்றியவை எல்லாம் அங்கே மலையாகக் கிடக்கும். மாமா குனிந்து ஒரு பழைய தையல் மெஷின் சக்கரத்தை எடுத்தார். ஆரக்கால் வைத்த வார்ப்பிரும்புச் சக்கரம். அதை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தார்.

"மச்சான், இது இஞ்சின் சக்கரம்."

"தையல் மெஷினுது மாமா" என்றேன்.

"இப்ப அப்படித்தான் இருக்குது. சுத்தி ஒரு பட்டை ஏத்திட்டா தண்டவாளத்துல ஓடும். இந்த மாதிரி இன்னும் மூணு வேணும்."

தலையில் அடித்துக்கொண்டேன். வெயிலில் நடந்து வந்ததில் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் டீக்கடையில் உட்கார்ந்து அவர் நிதானமாகச் சொன்னார். ஐந்து அங்குல அகலத் தண்டவாளத்தில் ஓடுகிற சின்ன இஞ்சின். உண்மையாகவே கரி போட்டு, தண்ணீர் கொதித்து, ஆவியில் ஓடவேண்டும். பின்னால் ஒரு சின்ன வண்டி. அதில் உட்கார்ந்து அவர் ஓட்டுவார். புதுச் சாமான் ஒன்றுகூட வாங்கக்கூடாது. "என்னையும் கழிச்சுப் போட்டாங்க இல்ல மச்சான்? கழிச்சுப் போட்டதுலயே ஒரு இஞ்சின் பண்ணி ஒரு தடவ டிரைவரா ஒக்காந்துடணும். கண்ணுல கொஞ்சம் வெளிச்சம் இருக்கறப்பவே. ஆவி மேல போறத நானே பாக்கணும்."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் கரீம் பாய் கடை. எனக்குக் கிடைக்கிற ஒரே விடுமுறை அது என்பதை மாமா ஒருநாளும் யோசித்ததாகத் தெரியவில்லை. காலை வண்டியில் ஏறி, பேசின் பிரிட்ஜில் மாறி, நாஷ்டா முடிக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து நிற்பார்.

அவர் சாமான் பார்க்கிற விதமே தனி. வேட்டி மடிப்பில் ஒரு காந்தத் துண்டு இருக்கும். முதலில் அதை ஒட்டிப் பார்ப்பார். ஒட்டினால் இரும்பு, ஒதுக்கி வைப்பார். ஒட்டாவிட்டால் ஒரு மூலையில் அரத்தால் லேசாக ராவி, "மச்சான், உள்ள செவப்பா தெரியுதா, மஞ்சளா?" என்று என்னைக் கேட்பார். சிவப்பு ஓடினால் ஆவி போகிற இடத்துக்கு ஆகும்; வெறும் மஞ்சள் என்றால் அழகுக்குத்தான் ஆகும். பிறகு விரல் நுனியில் தொங்கவிட்டு ஒரு திருகாணியால் தட்டுவார். 'ணங்' என்று நின்று ஒலிக்கவேண்டும். 'டொக்' என்றால் உள்ளே விரிசல். அதிலும் சந்தேகம் வந்தால் மண்ணெண்ணெயில் முக்கித் துடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்புப் பொடி பூசி வெயிலில் வைப்பார். கண்ணுக்கே தெரியாத கீறல் இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் கசிந்து, பொடியில் கறுப்பாக ஒரு கோடு விழும். கோடு விழுந்தால் அதைத் திரும்பக் குவியலில் வைத்துவிட்டு, "பாவம், இதுக்கு மேல முடியாது" என்பார்.

நானும் ஒரு தடவை என் சாமர்த்தியத்தைக் காட்டினேன். அழகான பித்தளைக் குழாய் ஒன்று கண்ணில் பட்டது. தங்கம் மாதிரி மின்னியது. அவருக்குத் தெரியாமல் நானே வாங்கி, திருவள்ளூருக்கே எடுத்துப்போய் நீட்டினேன். மாமா வாங்கி, தடவி, காந்தத்தை வைத்தார். கப்பென்று பிடித்துக்கொண்டது. உள்ளே இரும்பு, மேலே பூச்சு. அக்கா சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. "கண்ணு நல்லா இருக்குதுன்னு மட்டும் வெளிய சொல்லிக்காத மச்சான்" என்றார் மாமா. அந்தக் குழாயில்தான் அக்கா இன்றும் கொடியில் துணி தள்ளுகிறாள்.

வருடங்கள் ஓடின. நாலு தையல் மெஷின் சக்கரங்கள் ஜோடி சேர்ந்தன. படகு இஞ்சின் பம்ப்பிலிருந்து சிலிண்டர் வந்தது. லாரியில் கழற்றிய காற்று பிரேக் மீட்டர், ஆவியின் அழுத்தம் காட்டும் மீட்டர் ஆனது. பாய்லர் உடம்புக்கு எங்கிருந்தோ வந்த ஒரு தாமிரக் குழாயை பாய் ஒதுக்கி வைத்துக் கொடுத்தார். கடைசல் வேலையை எங்கள் கம்பெனியில் டர்னராக இருந்த நண்பர், மேலிடத்தில் சொல்லிவிட்டே, சாப்பாட்டு நேரத்தில் செய்து கொடுத்தார். மாமாவின் பார்வையும் அதே வேகத்தில் குறைந்துகொண்டு வந்தது. நேராகப் பார்த்தால் ஒரு தட்டு அளவுக்குத்தான் தெரிகிறது என்றார் ஒருநாள். அது ஒரு காசு அளவாகச் சுருங்குவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவர் தவித்த தவிப்பு எனக்குத் தெரியும்.

எல்லாம் சேர்ந்த பிறகு ஒரே ஒரு சாமான் கிடைக்கவில்லை. பாய்லரின் பின்சுவர். கரி போடுகிற வாய் இருக்கும் தகடு அது; டிரைவரும் ஃபயர்மேனும் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கம். தடிப்பான தாமிரமாக, குறையே இல்லாததாக இருக்கவேண்டும். கிடைத்ததெல்லாம் மெலிசு, இல்லாவிட்டால் பச்சைக் களிம்பு தின்று குழி விழுந்தது. மாதக்கணக்கில் தேடினோம். மாமா வெறுங்கையோடு திரும்பிப் போகிற ஒவ்வொரு ஞாயிறும் எனக்குப் பேஜாராக இருக்கும்.

ஒரு வேலை நாளில், மாமா டியூட்டிக்குப் போன சமயம் பார்த்து, அக்கா பஸ் ஏறி கும்மிடிப்பூண்டிக்கே வந்துவிட்டாள். இடுப்பில் ஒரு சாக்குமூட்டை. அவிழ்த்தால் அண்டா!

"இத பாய் கடையில போட்டு வைடா. வந்து எடுத்துக்கினு போவட்டும்."

"மாமா சத்தியம் பண்ணியிருக்காரேக்கா!"

"அவருதான பண்ணாரு? நானா பண்ணேன்?" என்றாள். "வெந்நி எந்த சட்டியிலயும் காயும். எனக்கு அவுரு ஒரு தடவ ஓட்டணும்டா. பாத்துட்டு ஓட்டணும்."

பாய் விஷயத்தைக் கேட்டுவிட்டு உளியை எடுத்தார். அண்டாவின் அடிப்பக்கம் அடுப்பில் வெந்து மெலிந்துபோயிருந்தது. கழுத்துக்குக் கீழே, பெயர் வெட்டிய இடம்தான் நல்ல தடிப்பு. அதை வெட்டித் தட்டி நிமிர்த்தி, பெயர் இருந்த இடத்தை இரண்டு பேரும் மாற்றி மாற்றி ராவினோம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். எழுத்து இருந்த சுவடே தெரியவில்லை. மேலே கிரீஸும் கரியும் பூசி, குவியலுக்கு அடியில் செருகி வைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். பாய் தகட்டை உருவி, "இது ஆவுமா பாரு நைனா" என்று சாதாரணமாக நீட்டினார். காந்தம் ஒட்டவில்லை. தட்டினார், நன்றாக ஒலித்தது. மண்ணெண்ணெய், சுண்ணாம்பு எல்லாம் ஆனது. ஒரு கோடு விழவில்லை. பிறகு இரண்டு பக்கமும் விரலால் தடவினார். தடவிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் கொஞ்சம் நின்றார்.

"எங்க கெடச்சுது பாய்?"

"ஆந்திரா லோடுல வந்துச்சு நைனா."

"இன்னா வெல?"

"நீ குடுக்கறத குடு."

ஒரு வாஷருக்கே கால் மணி நேரம் மல்லுக்கு நிற்கிற மனிதர் பாய். மாமா அவர் பக்கம் திரும்பி, "இன்னா பாய், ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். நான் இருமலை வரவழைத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். வழக்கமாகச் சாமான்களைக் கோணிப்பையில் போடுகிறவர், அன்று தோள் துண்டை எடுத்து அந்தத் தகட்டைச் சுற்றினார். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், "அக்காவுக்கு ரெண்டு மொழம் பூ வாங்கணும் மச்சான்" என்றார். சாமான் கிடைத்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் அண்டா எங்கே என்று அவர் கேட்கவே இல்லை என்றும், ஓட்டை விழுந்ததால் கடையில் போட்டுவிட்டேன் என்று சொல்ல வைத்திருந்த பொய் வீணாகப் போனது என்றும் அக்கா பிறகு சொன்னாள்.

திருவள்ளூரில் பாத்திரம் அடிக்கிற கன்னார் ஒருவர் வெள்ளியை உருக்கிப் பற்று வைத்து பாய்லரைச் சேர்த்துக் கொடுத்தார். முதலில் தண்ணீர் நிரப்பி, ஓட்டப்போகும் அழுத்தத்தைப்போல இரண்டு மடங்கு ஏற்றிப் பார்த்தார்கள். ஒரு சொட்டுக் கசியவில்லை. பொங்கல் கழிந்த ஒரு ஞாயிறு காலை ஓட்டுவது என்று முடிவாயிற்று. கிணற்றடியிலிருந்து பின்வேலி வரைக்கும் இரும்புப் பட்டைத் தண்டவாளம். கரீம் பாய் சந்தன நிறச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஃபயர்மேனாகத் தயாராக நின்றேன்.

"மச்சான், நீ கொஞ்சம் தள்ளி நில்லு. இது தெய்வான எடம்" என்றார் மாமா.

"எனக்கு இன்னாங்க தெரியும்?" என்றாள் அக்கா.

"கண்ணாலம் ஆன நாள்ளேந்து அடுப்பு எரிக்கிற. இன்னா தெரியும்ன்றயே. இங்க வா."

நெருப்பு இன்னும் போடவில்லை. மாமா அவள் கையைப் பிடித்து, பாய்லரின் பின்சுவரில், கரி போடும் வாய்க்கு மேலே வைத்தார். அக்கா தடவிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, புள்ளி புள்ளியா?"

"உம் பேரு. கண்ணாடியில பாக்கற மாதிரி திரும்பிக்கினு இருக்குது. ஆனா பேரு அதான்."

நானும் பாயும் குனிந்து பார்த்தோம். உளி வைத்துப் பெயர் வெட்டும்போது ஒவ்வொரு புள்ளியும் உள்பக்கம் பொடிப்பொடியாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். கண்ணை நம்பிய நானும் பாயும் வெளிப்பக்கத்தை மட்டும் ராவிவிட்டு வெற்றி என்று நினைத்திருக்கிறோம். அந்த உள்பக்கத்தைத்தான் மாமா வெளியே தெரியும்படி வைத்திருந்தார்.

"அப்போ அன்னிக்கே தெரியுமா?" என்றாள் அக்கா.

"கை வெச்ச ஒடனே."

"தெரிஞ்சும் ஏன் எடுத்துக்கினு வந்தீங்க? சத்தியம் இன்னா ஆவறது?"

"அவ்ளோ தூரம் பஸ்ஸுல இடுப்புல வெச்சுக்கினு போயிருக்க. திருப்பி அனுப்ப எனக்கு மனசு வரல தெய்வான."

அக்காவின் கண்களில் நீர் முட்டிவிட்டது. அழுவதைப் பாய் பார்த்துவிடப் போகிறாரே என்று சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "டேய், ஒழுங்கா ராவக்கூடத் தெரியாதா உனக்கு?" என்றாள். வாங்கிக்கொண்டேன். அதைவிட அன்பாக அவள் என்னைத் திட்டியதில்லை.

நெருப்பு போட்டார்கள். மீட்டரின் எண்கள் மாமாவுக்குத் தெரியாது. அக்கா கரி அள்ளிப் போட்டபடியே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தாள். "இருவதுங்க… நாப்பது… அறுவதுங்க… முள்ளு நிக்க மாட்டேங்குதுங்க!" மாமா பின்வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆவி திறக்கும் பிடியில் கை வைத்தார். ஒரு மூச்சு விட்டது போலிருந்தது. தையல் மெஷின் சக்கரங்கள் அசைந்தன. ஓடியது ஐயா! ஒரு முழு ஆளை இழுத்துக்கொண்டு கிணற்றடியிலிருந்து ஓடியது. அக்கா கரண்டியும் கையுமாகப் பக்கத்திலேயே ஓடினாள்.

வேலியருகே நிறுத்திவிட்டு மாமா தலையைத் தூக்கி, இப்படியும் அப்படியும் திருப்பி, தன் பார்வையில் மிச்சமிருந்த அந்தச் சின்ன வட்டத்துக்குள் எதையோ தேடினார். "தெய்வான, மேல வெள்ளையா ஒண்ணு போவுதே, அதான?"

"அதாங்க. அதேதான்."

பார்த்துக்கொண்டே இருந்தார். பாய் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் வாய்விட்டு அழுதேன், வெட்கப்படவில்லை.

ஓட்டி முடித்த பிறகும் மாமா இறங்கவில்லை. பசிக்கிறது, எழுந்திருங்கள் என்றேன். "பெரிய இஞ்சின்னா அடுத்த ஆளுகிட்ட ஒப்படைச்சுட்டு எறங்கலாம் மச்சான். இத யாருகிட்ட ஒப்படைக்கறது? முள்ளு பூஜ்யத்துக்கு வரணும். வந்தாத்தான் டிரைவர் எறங்கலாம்" என்றார். அக்கா மீட்டர் எதிரில் குந்தி உட்கார்ந்தாள். முப்பது என்றாள், இருபது என்றாள், பத்து என்றாள். கடைசியில், "பூஜ்யங்க. எறங்கலாம்" என்றாள். அதற்குப் பிறகுதான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

அடுத்த வருடத்திலேயே அந்த வட்டமும் மூடிக்கொண்டது. விளக்கறை வேலையை விட்டுவிட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை ஒருநாளும் விடவில்லை. நெருப்பு போடுவதற்கு முன் பின்சுவரை ஒரு தடவை விரலால் தடவிக்கொள்வார். வெடிப்பு பார்க்கிறார் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் அக்கா சொல்வாள், அவர் இறங்குவார். இறந்துபோவதற்கு முந்தின ஞாயிறும் அப்படித்தான் ஓட்டினார் என்று சொன்னார்கள். எனக்கு அன்று ஓவர்டைம். போகவில்லை.

சனிக்கிழமை பால் தெளித்துவிட்டு வந்தோம். மழை வரும்போலிருந்தது, இஞ்சின்மேல் தார்ப்பாய் போடலாம் என்று கொல்லைப்பக்கம் போனேன். அக்கா அங்கே இருந்தாள். ஃபயர்மேன் இடத்தில், எப்போதும்போலக் குந்தி உட்கார்ந்து, முந்தானையால் மீட்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் சட்டைப்பையில் இருந்த வால்வை எடுத்து, பின்வண்டியில் அவர் உட்காரும் பலகைமேல் வைத்தேன். அது என்ன உலோகம் என்று இதுவரை எனக்குத் தெரியாது.

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மீட்டரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு அந்தப் பலகையைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்கிற அதே குரலில், அவருக்குக் கேட்கும்படியாகச் சொன்னாள்.

"பூஜ்யங்க. எறங்கலாம்."

அக்கா பார்த்துச் சொல்லிவிட்டாள், மாமா. இறங்கிப் போய் வாருங்கள்.